இலையில் சுற்றி வந்த தண்டு

உன் மகள் நேற்று மலையிலிருந்து திரும்பினாள். தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக டெல்லி ஜனக்புரியில் என் வீட்டுக்கு வந்து, என் சமையல் மேடையில் முதுகுப்பையைச் சாய்த்துவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்தாள். பிரிக்கும்போதே வாசனை வந்துவிட்டது. பச்சை மாங்காயும் ஈர மண்ணும் கலந்தாற்போல ஒரு புளித்த வாசனை. கண் பார்ப்பதற்கு முன்பே என் கை தொண்டைக்குப் போய்விட்டது.

உள்ளே, சிவப்போடிய தண்டுகள். கூடவே ஒரு பூங்கதிர். சோளக்கதிர் மாதிரி நிமிர்ந்து, கருஞ்சிவப்பில், பொடிப்பொடியாகப் பூத்து, பாதி காய்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதன் பூவை நான் பார்த்ததே இல்லை. உனக்கும் எனக்கும் தண்டும் இலையும்தானே வந்து சேர்ந்தன.

“சித்தி, இது என்னன்னு தெரியுதா? டோலு! அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறப்ப சொன்னாங்க. மலைப்பக்கம் போனா டோலு தண்டு தின்னுட்டு வா, இலைய மட்டும் தொடாதேன்னு. ஏன்மான்னு கேட்டேன். உன் சித்திகிட்டக் கேளு, அவ சொல்லுவான்னுட்டாங்க. இப்ப சொல்லுங்க, ஏன்?”

நல்ல வேலை செய்தாய், போ. உயிரோடு இருந்தவரை அவளிடம் மூச்சு விடாமல், என்னையும் மூச்சு விடாதே என்று வாயைக் கட்டிவைத்துவிட்டு, போகிற போக்கில் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். “முதல்ல குளிச்சிட்டுத் தூங்கு, நாளைக்குச் சொல்றேன்” என்று அவளை அனுப்பிவைத்தேன். இப்போது உள்ளறையில் தூங்குகிறாள். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அவளுக்குச் சொல்வதற்கு முன் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாலும் பயமில்லை. டெல்லியில் பிறந்த பெண், உன் பேச்சையெல்லாம் பேசுவாள், ‘அ’ எது ‘ஆ’ எது என்று தெரியாது.

பயம் என்றதும் நீ சிரிப்பாய். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டுக்கு நான் குடிவந்த நாளிலிருந்து அதைத்தானே செய்தாய். கூலரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று எனக்குப் பயம். ஜூன் மாதத்து லூ என்கிற அனல்காற்றில் வெளியே போனால் மூக்கில் ரத்தம் வரும் என்று பயம். கோல் மார்க்கெட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறினால் திரும்பி வர வழி தெரியாதோ என்று பயம். நீ மேல்வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “வெசனப்படாத புள்ள, நானிருக்கறனல்ல” என்பாய். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரிக்குப் பயத்துக்கும் கவலைக்கும் சேர்த்து ‘வெசனம்’ என்ற ஒரே சொல்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உன் எதிர்வீட்டில் பாபி இருந்தாள். ஜோஷிமட்டுக்கும் மேலே ஏதோ ஒரு மலைக் கிராமத்துப் பெண். அண்ணி என்பதுபோல நாம் இரண்டு பேரும் பாபி என்றே கூப்பிட்டோம், அவள் நம் இரண்டு பேரையும் அக்கா தங்கை மாதிரி பெஹன்ஜி என்றாள். நவராத்திரி விரதத்துக்குக் குட்டு என்கிற மலைத் தானிய மாவில் பூரி சுட்டுக் கொண்டுவந்தாளே, நினைவிருக்கிறதா? கறுத்துப் போயிருந்த பூரியைப் பார்த்து நான் பின்வாங்கினேன். நீ நின்ற இடத்திலேயே தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாய். அந்தக் குட்டுச் செடியும் இந்த டோலுவும் ஒரே குடும்பமாம், உன் மகள் நேற்று சொன்னாள். டோலுவின் வேர்தான் நம் நாட்டுமருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று விற்கிறதாம். வேர் மருந்து, தண்டு தின்பண்டம். இலை என்ன என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷத்து ஜூன். கல்யாணமாகி எத்தனையோ வேண்டுதலுக்குப் பிறகு உனக்கு வயிற்றில் தங்கியிருந்தது. தங்கியதிலிருந்து வேறெதுவும் வயிற்றில் தங்கவில்லை. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உன் வாயாடித்தனமே பாதியாகிவிட்டது. உனக்கு ஒரே ஒரு ஆசைதான். “ஒரு வாய் புளிச்சகீரைக் கடையல் கெடச்சாப் போதும் புள்ள, எந்திரிச்சு ஓடுவேன்.” நான் எங்கே போவேன் புளிச்சகீரைக்கு? மார்க்கெட்டில் பாலக் உண்டு, மேத்தி உண்டு, அந்த வெயிலில் அவையும் வாடி வதங்கிக் கிடக்கும். கீரைக்காரனிடம் புளிப்பு இலை என்று கையைக் காலை ஆட்டிக் கேட்டால், எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுவான்.

இது பாபிக்கும் தெரியும். ஊரிலிருந்து அவள் தம்பி வந்தபோது, பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய்க்குப் புளிப்பாக இருக்கட்டும் என்று, பனி உருகிய மேட்டில் தானாக முளைக்கிற டோலுவை ஒரு கட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பஸ் மாறி பஸ் மாறி வரும் வழியில் தண்டு காய்ந்துவிடக் கூடாதே. அதனால் அவர்கள் ஊர் வழக்கப்படி, அதே செடியின் பெரிய பெரிய இலைகளைத் தண்ணீரில் நனைத்து, தண்டைச் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். சேம்பிலை அகலத்துக்கு இலை. பாபி கட்டை அப்படியே உன் கையில் கொடுத்து, “நமக் லகாகே காவோ, முங் அச்சா ஹோ ஜாயேகா” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஓடிவிட்டாள். உப்புத் தொட்டுச் சாப்பிடு, வாய் நன்றாகும் என்றாள். உனக்கு அதில் ‘நமக்’ புரிந்தது, ‘அச்சா’ புரிந்தது. நான் அந்த நேரம் பால் பூத் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

கீரைக்கட்டு கைக்கு வந்தால் நம் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? இலையை ஆய்ந்துகொண்டு முற்றின தண்டைக் குப்பையில் போடுவாள். பொட்டலம் கைக்கு வந்தால் மலைக்காரி என்ன செய்வாள்? சுற்றின இலையைப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தின்பாள். இதையெல்லாம் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பார்களா என்ன? அவள் கொடுத்தது தண்டு, நீ வாங்கியது கீரை.

இலை ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாயாம், சுருக்கென்று புளித்ததாம். அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியுமா? பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு, டெல்லி உப்புத்தண்ணீரில் கீரை வேகாது என்று வழக்கம்போல ஒரு சிட்டிகை சோடா உப்பையும் போட்டு, ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மண்சட்டியில் மத்தால் கடைந்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து தின்றாய். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த வயிறு. சட்டியில் பாதியைக் காலி செய்துவிட்டு, மீதியில் எனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாய். உன் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் இருந்தது. “பாபி கொண்டாந்தா. நம்மூரு புளிச்சகீரையாட்டமே இருக்குது. சாப்புட்டுப் பாரு, பயந்து சாகாத.”

நீ மாடியேறிப் போனதும் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பல் கூசியது. கொஞ்ச நேரத்தில் நாக்கு அரித்தது. சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையைப் பிடிக்குமே, அந்த அரிப்பு. புளிச்சகீரை எங்காவது அரிக்குமா? உடனே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊர் வேறு, மண் வேறு, கீரையும் கொஞ்சம் வேறாக இருக்கும். எதற்கெடுத்தாலும் பயப்படாதே. கிண்ணத்தை மூடி வைத்தேன்.

மாடியில் நீ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். அந்தப் படிக்கட்டில் குடியிருந்த எல்லோருக்கும் பழகிப்போன சத்தம். மசக்கைக்காரி வாந்தி எடுத்தால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை. என் நாக்கிலும் அரிப்பு நிற்கவில்லை. ஒரு துளிக்கே இப்படி என்றால் பாதிச் சட்டிக்கு என்ன என்று தோன்றியது. செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தேன்.

நீ குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உதடு வீங்கியிருந்தது. “தொண்ட எரியுது புள்ள. மொளகா ஏறிப்போச்சாட்ட இருக்குது” என்றாய். சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். குப்பைக் கூடையில் சிவப்புத் தண்டுகள், ஒன்றுகூட விடாமல், ஒழுங்காக ஒடித்துப் போடப்பட்டிருந்தன. எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

பாபி வந்தாள். கூடையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். “பத்தா? பத்தா பகாயா?” என்று கேட்டாள். இலையையா சமைத்தாய் என்று. நான் தலையாட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சிவந்த முகம் அப்படி வெளுத்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இலை விஷம், எங்கள் ஊரில் மாடுகூட அதில் வாய் வைக்காது என்று முனகினாள். முனகிக்கொண்டே எழுந்து, கூடைக்கு அடியில் கிடந்த ஒரு முழு இலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

லூ வீசுகிற நடுமத்தியானத்தில் ஸ்கூட்டர் பிடித்தோம். ஆட்டோவை அப்போது ஸ்கூட்டர் என்றுதானே சொல்வோம். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், ஆனால் அன்றைக்கு அந்தச் சாலை முடியவே இல்லை. நீ நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். என் கையைப் பிடித்திருந்த உன் விரல்கள் தாமாகக் கோணிக்கொண்டு உள்ளே மடங்கின. நான் பிரித்து விடுகிறேன், மறுபடி மடங்குகின்றன. நீ என் காதில், “புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதல்ல?” என்று கேட்டாய். உன் வாழ்நாளில் நீ என்னிடம் பயந்து கேட்ட கேள்வி அது ஒன்றுதான். நானாவது ‘வெசனப்படாத’ என்று சொல்லியிருக்கலாம். நான் வேண்டிக்கொள்ளக்கூட மறந்துபோய் உன் விரல்களையே பிரித்துக்கொண்டிருந்தேன்.

இலையைப் பார்த்ததும் டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஊசி போட்டார்கள், பால் புகட்டினார்கள், பாட்டில் ஏற்றினார்கள். இந்த இலையின் அமிலம் ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் விரல் இழுக்கிறது என்றார். மெல்ல மெல்ல உன் விரல்கள் விரிந்தன. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். அந்த அமிலம் கிட்னியை அடைத்துக்கொள்ளலாம், மூத்திரம் பிரிந்தால்தான் நிம்மதி. குழந்தை? இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஆபீசிலிருந்து உன் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பயத்தில் மனிதருக்குக் கோபம்தான் வந்தது. “எவ குடுத்தா? சொல்லு, எவ குடுத்தா இந்தக் கருமத்த?” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பாபி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி எந்தப் பாஷையில் கேட்டாலும் புரியும். மதராஸிப் பெண்ணுக்கு விஷம் வைத்தவள் என்று பெயர் வந்தால் அந்தக் குவார்ட்டர்ஸில் அவள் எப்படிக் குடியிருப்பாள்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் ஓரடி பின்வாங்கியதை நான் பார்த்தேன். நீயும் பார்த்திருக்கிறாய். வறண்ட உதட்டைப் பிரித்து, “ஆரும் குடுக்கல. கீரைக்காரங்கிட்ட நானாத்தான் வாங்கினேன்” என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியதுதான்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. மழைக்குக் காத்திருக்கிறவர்கள்கூட அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். நர்ஸ் வருவாள், “பேஷாப் ஆயா?”, மூத்திரம் வந்ததா, என்பாள். வரவில்லை என்போம். போவாள். மறுபடி வருவாள், அதே கேள்வி. உன் வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். பாபி சுவரோரம் உட்கார்ந்து அவள் மலைச்சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் உன் முகத்தைப் பார்ப்பதற்குப் பயந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பீங்கான் மூத்திரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை இழந்துவிடுவேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நிச்சயமே பண்ணிவிட்டேன். நீ இல்லாமல் இந்த டெல்லியில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று உன் தலைமாட்டிலேயே நின்று சுயநலமாக அழுதேன். மறுநாள் காலை நர்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மறைப்புத் திரைக்கு வெளியே வந்து, “ஆ கயா!”, வந்துவிட்டது, என்று சிரித்தாள். நானும் பாபியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். மூத்திரத்துக்காக அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் உலகத்திலேயே நாம்தான் என்று பின்னால் நீ கேலி செய்தாய்.

என் பயம் அதோடு முடியவில்லை. பிள்ளைக்கு என்ன ஆகியிருக்குமோ என்று மார்கழி வரை தினமும் ஒரு கற்பனை. உன்னிடம் சொல்ல முடியாது, நீ அதற்குள் பழையபடி சிரிக்க ஆரம்பித்திருந்தாய். உன் மகள் பிறந்ததும் எல்லோரும் முகம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள். நான் துணி நனைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நனைந்தது. அப்புறம்தான் முகத்தையே பார்த்தேன்.

பாபிக்கும் அது முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் நம் வீட்டுக்கு எதையும் கொண்டுவருவதில்லை. பண்டிகைக்குக்கூட ஒரு தட்டு வராது. குழந்தை தூங்கும்போது வந்து பார்ப்பாள், தொட மாட்டாள். மறு வருஷ ஜூனில் அவள் தம்பி வந்திருப்பது தெரிந்ததும் நீ என்ன செய்தாய்! குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன், எதற்கு என்று தெரியாமல். “பாபி, டோலு ஹை?” என்றாய். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், வேண்டாம் என்று. நீ உள்ளே நுழைந்து, மூலையில் ஈரத் துணிக்குள் இருந்த கட்டை நீயே எடுத்து, இலையையெல்லாம் பிரித்து ஒதுக்கிவிட்டு, ஒரு தண்டை ஒடித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அவள் கண் முன்னால் கடித்தாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண் உன் விரல்களை விட்டு நகரவில்லை.

“அச்சா ஹை. பகுத் அச்சா ஹை” என்றாய், புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பாபி அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள். நீ குழந்தையை அவள் கையில் கொடுத்தாய். என் பக்கமும் ஒரு துண்டை நீட்டினாய். நான் மாட்டேன் என்றேன். பாபி வீட்டுக்காரர் ரிடையர் ஆகி அவர்கள் ஊருக்குத் திரும்பும் வரை ஒவ்வொரு கோடையிலும் நீட்டினாய், ஒவ்வொரு கோடையிலும் நான் மாட்டேன் என்றேன். “உனக்கு இந்தச் சென்மத்துல தைரியம் வராது புள்ள.”

இவ்வளவு எழுதும்போது உன் மகள் எழுந்து வந்துவிட்டாள். மிச்சத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். முன்னும் பின்னுமாகத்தான் சொன்னேன். உன்னிடம் இத்தனை பக்கம் ஒத்திகை பார்த்தும், கீரைக்காரனிடம் வாங்கியதாக நீ சொன்ன இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் அந்தப் பூங்கதிரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாதா?” என்றாள். தெரியாது என்றேன். “அப்ப நீங்க மாடிக்கு ஓடலைன்னா?” என்றாள். உடனே அவளே, “அதான் அம்மா, உன் சித்தியோட பயத்த மட்டும் கேலி பண்ணாத, அது நம்ம ஒறம்பறன்னு சொல்லுவாங்களா?” என்றாள்.

நீ அப்படிச் சொன்னாயா? என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே. என் பயத்தைப் போய் உன் வீட்டுச் சொந்தக்காரர் என்று சொல்லிவைத்திருக்கிறாய். என் முகத்துக்கு எதிரே கேலியைத் தவிர வேறெதுவும் வராது உனக்கு. சண்டை போடலாம் என்றால் நீ இல்லை.

அவள் ஒரு தண்டைக் கழுவி, தோலுரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் வைத்து என்னிடம் நீட்டினாள். கை நீட்டிய விதம் அப்படியே நீ. இந்த முறை வாங்கிக்கொண்டேன். கடித்தேன். பல் கூசியது, கண்ணில் தண்ணீர் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, நீ சொன்னதுபோல. தொண்டை எரிகிறதா என்று காத்திருந்தேன், எரியவில்லை. மீதித் தண்டுகளையெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே தின்று தீர்த்தாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.